தோசை சுட்டால் வாய் மூடுகிறவன்

அத்தியாயம் 5

“ஊட்டுக்குள்ள ஒரு ஆம்பள கொரலு கீது. ஆம்பள இல்ல. இதானே மேடம் கேசு?” என்று கேட்டான் துலுக்கானம், லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் ஹாரனை அமுக்கி நடுரோட்டில் நின்ற எருமையிடம் வழி கேட்டபடியே.

எருமை யோசித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தகுமாரி யோசிக்கவில்லை.

“அது கேஸ் இல்லை துலுக்கானம். அது புகார். கேஸ் வேற.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டாள். கடைசியில், நாலு பேர் கூடின இடத்தில்தான் சொல்லுவாள். மந்திரவாதிகளுக்கும் துப்பறிகிறவர்களுக்கும் உள்ள பொது வியாதி அது.

வசந்தகுமாரி முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, பொய் எந்தச் சுருதியில் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. வேலையை விட்டதும் அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். துலுக்கானம் அங்கே உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன், சந்தேகப்படுகிறவன். சந்தேகப்படுகிற வேலையை மட்டும் அவன் சம்பளம் இல்லாமல் செய்தான்.

நேற்று அந்த மாடிப்படியேறி வந்தவள் பொன்னியம்மா. ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் கம்பத்துமேடு என்ற குடியிருப்பு. கட்டட வேலை பார்த்த புருஷன் கோவிந்தன் காய்ச்சலில் போய்விட்டான். இவள் தொழிற்சாலை கேண்டீனில் மாவாட்டிப் பிழைக்கிறாள். மச்சினன் சின்னப்பையன் பக்கத்து வீடு. ‘அண்ணி வீட்டுக்குள் யாரோ ஆணை ஒளித்து வைத்திருக்கிறாள், குரல் கேட்கிறது’ என்று அவன் ஊரைக் கூட்டிவிட்டான். நாளை சாயங்காலம் பஞ்சாயத்து. குற்றம் உறுதியானால் வீடு அவனுக்கு. பொன்னியம்மா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

“எங்க ஊட்ல யாரும் இல்லன்னு கண்டுபுடிச்சுக் குடுங்கம்மா” என்று அவள் கேட்டபோது துலுக்கானத்துக்குத் தலை சுற்றியது. காணாமல் போன ஆளைத் தேடியிருக்கிறான். காணாமல் போன ஆட்டைத் தேடியிருக்கிறான். இல்லாத ஆளை இல்லையென்று தேடுவது அவனுக்கு இதுவே முதல் தடவை.

“குரல் உங்களுக்குக் கேக்குதா?” என்று வசந்தகுமாரி கேட்டிருந்தாள்.

பொன்னியம்மா தரையைப் பார்த்தாள். அதோடு சரி.

எருமை நகர்ந்தது. வேலிகாத்தான் புதருக்கு அப்பால் கம்பம் தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாய் வானத்தைக் குத்திக்கொண்டு நின்ற ரேடியோ டவர். எங்கே ஓடிவிடுமோ என்று நாலு பக்கமும் இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். புதிதாக வந்த ராட்சச டிரான்ஸ்மிட்டர். அங்கே ஒருவர் தும்மினால் கடல் தாண்டி இருக்கிறவன் ‘நூறு வயசு’ என்பான் என்று ஊரில் பேச்சு.

“இம்மாம் பெரிய கம்பத்த நட்டு வெச்சிருக்கான். இந்த ஊர்ல ஒரு ஊட்ல கூட ரேடியோ கெடையாது மேடம்” என்றான் துலுக்கானம். “கரண்டு கம்பி கூட தல மேல போய்கினு கீது. எறங்கி வர்ல.”

“ஊரையே தேடிட்டியா?”

“நேத்தே வந்து டீக்கடையில வெசாரிச்சேன். நான் இன்னா சொம்மாவா கீறேன்?”

* * *

ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் தன் தென்னந்தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை வரவேற்க அவர் தலையைக் கீழே இறக்கவில்லை.

“வண்டும்மா. குருத்தைத் துளைச்சுத் துளைச்சு சல்லடையாக்கிடுச்சு. பதினெட்டுப் பட்டியிலும் கேட்டுட்டேன். ஒருத்தன் சாம்பல் போடுன்றான், ஒருத்தன் சாமி கும்புடுன்றான்.”

“நாங்க பொன்னியம்மா விஷயமா வந்தோம்.”

“அதுவா...” அவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் பாதி தென்னைக்குப் போனது. “கோவிந்தன் பொஞ்சாதி நல்ல பொண்ணும்மா. எனக்கே மனசு கேக்கல. ஆனா கொரல நானும் சொவத்தாண்ட நின்னு கேட்டேன். ஆம்பளக் கொரலுதான். பொய் சொல்ல முடியுமா? நாளைக்கு அவன் யாருன்னு காட்டணும். இல்ல, ஊட்ட உடணும். ஊர்க்கட்டு அதான்.”

சின்னப்பையன் வீட்டு வாசலில் அவனும் அவன் மனைவி வேம்புலியம்மாளும் சாட்சி சொல்லத் தயாராகத் தலைவாரிக்கொண்டு நின்றார்கள்.

“மேடம், எங்க குடும்ப மானம் சந்தி சிரிக்குது” என்று ஆரம்பித்தான் சின்னப்பையன். “அண்ணன் போன ஊட்ல, எவனோ ஒருத்தன்...”

“எவன்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் பஞ்சாயத்து வெக்கிறேன்? சொவத்துல காத வெச்சா சன்னமா கேக்கும்.”

“தெனம் காது வெப்பியா நைனா?” என்றான் துலுக்கானம்.

“நான் இல்ல. இவதான்.”

வேம்புலியம்மாள் பெருமையோடு முன்னால் வந்தாள். “வார்த்த ஒண்ணும் பிடிபடாதும்மா. கொழகொழன்னு கேக்கும். ஆனா படிச்ச ஆளு. ஆரம்பிச்சான்னா நிறுத்தமாட்டான். இருமல் இல்ல, தும்மல் இல்ல, ஒரே சீரா பேசுவான்.”

“பொன்னியம்மா பதில் பேசுவாங்களா?”

“அவ வாயே தொறக்கமாட்டா. சொம்மா கேட்டுகினே இருப்பா.”

“அப்போ புருசன் பொஞ்சாதி இல்ல. அது மட்டும் கன்பார்ம்” என்றான் துலுக்கானம்.

“சில நாளு பாட்டு கூடப் பாடுவான். மத்தளம் கூட கேக்கும்.”

“ஒத்த ரூம்புல ஆளயும் வெச்சு மத்தளக்காரனயும் வெச்சா, படுக்கறது எங்க?”

“அத நீங்கதான் கண்டுபுடிக்கணும்” என்றாள் வேம்புலியம்மாள் கறாராக. “காலைல பேசுவான். அப்பால நின்னுடும். மத்தியானம் வருவான். மறுபடி நின்னுடும். சாயங்காலம் ஆரம்பிச்சா ராவு வரைக்கும்.”

“ஷிப்டுல வேலை பாக்குறான் மேடம். பாக்டரி ஆளு” என்றான் துலுக்கானம்.

வசந்தகுமாரி சிரிக்கவில்லை. “பேசிட்டிருக்கறப்போ நடுவுல நிறுத்தறது உண்டா?”

“உண்டே! தோச சுட்டா கப்சிப்.” வேம்புலியம்மாள் சுவரைக் காட்டினாள். “சொர்ருனு மாவு ஊத்துற சத்தம் வரும். அவன் வாய் மூடிக்கும். துன்றான் இல்ல? துன்னுகினே எப்படி பேசுவான்?”

“சோறு வடிக்கிறப்போ?”

“பேசுவான்.”

“குழம்பு கொதிக்கிறப்போ?”

“பேசிகினுதான் இருப்பான்.”

“களி? கூழு? கருவாடு?”

“எதுக்கும் நிறுத்தமாட்டான்மா. தோசைக்கு மட்டும்தான்.”

துலுக்கானம் ஓரக்கண்ணால் பார்த்தான். மேடத்தின் வலது புருவம் மெல்ல ஏறியது. அந்தப் புருவம் ஏறினால் யாரோ ஒருவருக்கு இறங்குமுகம். அது தானாக இருக்கக்கூடாது என்று வழக்கம்போல வேண்டிக்கொண்டான்.

* * *

பொன்னியம்மாவின் வீடு ஒரே அறை. அடுப்படிக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவில் மறைப்பாக ஒரு தகரம். துலுக்கானம் கயிற்றுக் கட்டிலின் அடியில் தேடினான். அரிசிப் பானைக்குள் தேடினான். பானைக்குள் அரிசியும் அதிகம் இல்லை.

அப்போது அவன் பின்னங்கழுத்து மயிர் நட்டுக்கொண்டது. தகரத்துப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து யாரோ அமைதியாகப் பிரசங்கம் செய்வது போல இருந்தது. தகரத்துக்குப் பின்னால் பாய்ந்தான். அடுப்பு, அம்மி, சுவரில் ஆணி, ஆணியில் துருவேறிய வளையத்தோடு, தகரத்தை உரசியபடி தொங்கும் தோசைக்கல். ஆள் இல்லை.

“மே... மேடம்... எங்க ஆத்தா சொல்லியிருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆளோட வம்பு வெச்சுக்காதன்னு.”

வசந்தகுமாரி பொன்னியம்மாவின் முகத்தையே பார்த்தாள். பொன்னியம்மா இந்தத் தடவையும் தரையைப் பார்த்தாள்.

“பசிக்குதும்மா. ரெண்டு தோசை கிடைக்குமா?”

“இதோ” என்று பொன்னியம்மா எழுந்து போய்க் கல்லை எடுத்தாள்.

குரல் நின்றது.

மாவு சொர்ரென்றது. தோசை வந்தது. ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருந்த அந்தத் தோசைக்கு முன்னால் துலுக்கானம் கேஸை மறந்தான். “கூச்சப்படுறான் மேடம். நம்மளும் துன்றோம்ல, பங்குக்கு வர வெக்கம்” என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னான்.

வசந்தகுமாரி இலையைப் பார்க்காமல் ஆணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஓலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து வழியாக ஒரு தடித்த கம்பி உள்ளே வந்து அந்த ஆணியில் சுற்றியிருந்தது.

“இந்தக் கம்பி?”

“துணி காயப்போட அவரு கட்டுனது. டவருக்கு வேலி போட்டாங்கள்ல, அந்த வேலைல இருந்தாரு. மிச்சக் கம்பிய கேட்டு வாங்கியாந்து, இங்கேர்ந்து அதோ அந்தப் பனமரம் வரைக்கும் கட்டிட்டாரு. ‘ஊர்த் துணியே காயப்போடலாம்டி’ன்னாரு. கட்டி முடிச்சு, ஒரு மாசந்தான் இருந்தாரு.”

“குரல் எப்போலேர்ந்து?”

பொன்னியம்மா கரண்டியைத் துடைத்தாள். துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தாள். “டவர்ல வேல முடிஞ்சு, வெளக்கு எரிய ஆரம்பிச்சதே... அப்போலேர்ந்து.”

வசந்தகுமாரி எழுந்து கை கழுவினாள். “துலுக்கானம், ஆள் அகப்பட்டான்.”

“எங்க? எங்க?”

“நாளைக்குச் சொல்றேன். பஞ்சாயத்தை இந்த அடுப்படியிலேயே வெச்சுக்கச் சொல்லு.”

அவள் விறுவிறுவென்று வெளியே போனாள். துலுக்கானம் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினான். தோசைக்கு நன்றிக்கடனாக ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது அவனுக்கு. நல்ல மனசு. ஆபத்துகளெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும்.

“யக்கா, நாளைக்குப் பெரிய மனுசங்க வருவாங்க. பாத்திரம் பண்டத்தெல்லாம் நல்லா தேச்சு வெய்யி. பாத்தவொடனே ‘இவ குடும்பப் பொம்பள’ன்னு தோணணும்” என்றான்.

* * *

ஞாயிறு சாயங்காலம் அடுப்படியில் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இடம் கிடைக்காதவர்கள் வாசலிலும், எட்டிப் பார்க்க முடிந்தவர்கள் எட்டியும் நின்றார்கள். வீடு பளபளத்தது. செம்பு சூரியனாய் மின்னியது. துலுக்கானம் தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டான்.

“இந்த வீட்டுல ஒரு ஆண்குரல் கேட்கறது உண்மை” என்று ஆரம்பித்தாள் வசந்தகுமாரி. கூட்டத்தில் ‘ஆ’ என்று ஒரு சத்தம். “அவர் இப்போ இங்கேதான் இருக்கார். இந்த வேளைக்கு நிச்சயம் பேசுவார். எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க.”

கையை நாடகக்காரியைப் போல நீட்டினாள்.

அமைதி. ஓர் ஈ பறந்தது. வெளியே ஓர் ஆடு கத்தியது. அது பெண் ஆடு.

“பேசுவார்” என்றாள் மறுபடி.

ஈ செம்பில் உட்கார்ந்து தன் அழகைப் பார்த்துக்கொண்டது.

“இன்னா மேடம், தோச துன்றானா?” என்றான் சின்னப்பையன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “மெட்ராசுலேர்ந்து துப்பு வந்துச்சு. அதுவும் ‘ஆம்பளக் கொரலு உண்மைதான்’னுட்டுது. ஆளத்தான் காட்டல. அப்பால இன்னா நைனா? ஊட்டுச் சாவிய வாங்கிக் குடுங்க.”

திருவேங்கடம் தொண்டையைச் செருமினார். பொன்னியம்மா கொடியில் கிடந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். அந்த மடிப்பின் நிதானத்தைப் பார்க்க முடியாமல் துலுக்கானம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பிய இடத்தில் மேடத்தின் முகம். அவள் ஆணியில் தொங்கிய தோசைக்கல்லின் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று துருவேறிக் கிடந்த வளையம் இன்று கல்யாண மோதிரம் போல மின்னியது.

“இதை யார் தேய்க்கச் சொன்னது?”

“புளி, செங்கல் தூளு போட்டு நானேதாம்மா...” என்று பொன்னியம்மா துலுக்கானத்தைப் பார்த்தாள். ஊரே துலுக்கானத்தைப் பார்த்தது.

“சுத்தம் சோறு போடும்னு...” என்று இழுத்தான் துலுக்கானம்.

“இப்போ வீட்டுக்கே உலை வெச்சுடுச்சு” என்று அவன் காதில் சீறினாள் வசந்தகுமாரி. “மடையா, அந்த ஆளோட நாக்கே அந்தத் துருதான்டா! நாக்கை அறுத்து வெச்சுட்டே!”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தான் ஒரு கொலை செய்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது.

வசந்தகுமாரி நிமிர்ந்தாள். குரலில் தேன் வழிந்தது. “பெரியவரே, தீர்ப்புக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்த ஊர்ல ரொம்பத் துருப்பிடிச்ச தோசைக்கல் யார் வீட்டுல இருக்கு?”

எல்லாக் கண்களும், காற்றடித்த நெற்பயிர் போல ஒரே திசைக்குச் சாய்ந்தன.

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்று வெடித்தாள் வேம்புலியம்மாள். “என் கல்லுக்கு இன்னா கொறச்சலு?”

“கல்லுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல வேம்புலி. கல்லோட சேத்துப் பிச்சுத்தான் துன்னணும், அவ்ளோதான்” என்றான் சின்னப்பையன். சொன்ன பிறகுதான், சொன்னது யாரிடம் என்று அவனுக்கு உறைத்தது.

“ஓகோ! அப்படியா சேதி?” வேம்புலியம்மாள் புயலாகப் போனாள், புயலாக வந்தாள். கையில் தோசைக்கல். வளையம் முழுக்கச் செக்கச்செவேலென்று துரு உதிர்ந்துகொண்டிருந்தது. “நாலு பேரும் பாருங்க! அவ கல்லு பக்கத்துல வெச்சுப் பாருங்க! எதுல கொறச்சல்னு சொல்லுங்க!”

பளபளத்த கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் கல்லை அந்த ஆணியில் ஆங்காரமாக மாட்டினாள். கல் தகரத்தில் மோதி நின்றது.

“...ஆகவே விவசாயப் பெருமக்களே,” என்றது தகரம், ஆழ்ந்த ஆண்குரலில்.

வேம்புலியம்மாள் இரண்டடி பின்னால் குதித்துப் புருஷனின் காலை மிதித்தாள்.

“தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை ஒழிக்க எளிய வழி ஒன்று உண்டு...”

“அய்யோ!” என்றார் திருவேங்கடம். பயத்தில் இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து தகரத்தில் காதை வைத்தார். “சத்தம் போடாதீங்கடா! மருந்து சொல்றாரு!”

“முதலில் எருக்குழியை நன்றாகக் கிளறி...”

வசந்தகுமாரி கல்லை ஆணியிலிருந்து எடுத்தாள். குரல் அறுந்தது.

“அம்மா! அம்மா! மாட்டும்மா!” என்று கெஞ்சினார் திருவேங்கடம்.

“முதல்ல தீர்ப்பு. அப்புறம் எருக்குழி.” அவள் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். “கோவிந்தன் கட்டின கம்பி, அந்தக் கம்பத்துலேர்ந்து வர்ற அலையைப் பிடிக்குது. ஆணியைத் தொடற கல்வளையத்துல இருக்கற துரு அதைப் பேச்சா மாத்துது. தகரம் அதைச் சத்தமா சொல்லுது. டவர்க்காரங்க ஓய்வு எடுத்தா இவரும் ஓய்வு எடுப்பார். தோசை சுடக் கல்லை எடுத்தா வாய் மூடிடுவார். சோறு வடிக்கக் கல் எதுக்கு? அதான் அப்போ பேசறார். நான் எக்ஸ்சேஞ்சில் இருந்தப்போ ஒரு கம்பியில போற பேச்சு பக்கத்துக் கம்பியில கேக்கும். அதுக்காக யாரையும் வீட்டை விட்டுத் துரத்தினதில்லை.”

“அதெல்லாம் ஒத்துக்க முடியாது!” என்றான் சின்னப்பையன். “கொரலு கேட்டுச்சா இல்லியா? ஊர்க்கட்டுன்னா ஊர்க்கட்டு!”

“சரிப்பா” என்று துலுக்கானம் முன்னால் வந்தான். இழந்த மானத்தை மீட்க அவனுக்கு ஒரு வாய்ப்பு. “அண்ணாத்தே, ஊர்க்கட்டுப்படியே பேசுவோம். நேத்து வரைக்கும் அவரு பொன்னியம்மா கல்லுல இருந்தாரு. இப்போ எந்தக் கல்லுல கீறாரு? உம் பொஞ்சாதி கல்லுல. அப்போ எந்த ஊட்ட எழுதி வாங்குறது?”

வேம்புலியம்மாள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கல்லோடு சேர்த்துப் பிய்த்துத் தின்னும் தோசை இன்னும் அவள் ஞாபகத்தில் இருந்தது. சின்னப்பையன் வாயை மூடிக்கொண்டான்.

“தீர்ப்பு!” என்று அலறினார் திருவேங்கடம். “ஊடு பொன்னியம்மாவோடது! இன்னிக்கும் என்னிக்கும்! எவனாவது பேசுனா நாக்கத் துருப்பிடிக்க வெச்சுடுவேன்! மாட்டும்மா தாயே, வண்டு துன்னுகினு கீது!”

* * *

கூட்டம் கலைய நேரமாயிற்று. எருக்குழி முடிந்து பருத்தி வந்து, பருத்தி முடிந்து ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். மத்தளக்காரன் எங்கே படுக்கிறான் என்பதும் தெரிந்துபோயிற்று.

துணிகளை மறுபடி பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த பொன்னியம்மா மெல்லக் கேட்டாள். “அப்போ... அது அவரு இல்லியாம்மா?”

வசந்தகுமாரி திரும்பினாள்.

“அவரு கட்டுன கம்பியிலேர்ந்து வந்துச்சா... அவருதான்னு நெனச்சுட்டேன். வெளிய சொன்னா வேப்பிலை அடிச்சு ஓட்டிடுவாங்கன்னு சொல்லல. உசிரோட இருந்தப்போ இவ்ளோ நல்லாப் பேசுனதே இல்ல. மேல போய்க் கத்துகினாரு போலன்னு இருந்தேன்.”

துலுக்கானம் வேடிக்கையை விட்டுவிட்டு, பெட்டி மூடியை அவளுக்காகப் பிடித்துக்கொண்டான்.

“பேசறது வேற யாரோதாம்மா” என்றாள் வசந்தகுமாரி. “ஆனா அவர் கம்பி கட்டலேன்னா அது உங்க வீட்டுக்கு வந்திருக்காது.”

பொன்னியம்மா மூலையில் கிடந்த தன் பளபளப்பான கல்லை எடுத்து வேம்புலியம்மாளிடம் நீட்டினாள். “இத நீ எடுத்துக்கோ வேம்புலி. தோச ஒட்டாது. உன் கல்லு இங்கியே கெடக்கட்டும்.”

வேம்புலியம்மாள் வாங்கிக்கொண்டாள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நாளைக்குக் காத்தால மாவு கொஞ்சம் குடு அக்கா” என்றாள் சுவரைப் பார்த்தபடி. அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

“யக்கா, ஒரே கல்லுதானே மிச்சம்?” என்றான் துலுக்கானம், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. “ரேடியோ வெச்சா போஸ்டாபீஸ்ல லைசென்ஸ் எடுக்கணுமில்ல? அவன் வந்து தோசைக்கல்லுக்கு லைசென்ஸ் கேட்டா சொல்லியனுப்பு, நான் பாத்துக்கறேன். ஆனா நீ தோச சுட்டா அவரு நின்னுடுவாரே?”

“நிக்கட்டும்பா” என்றாள் பொன்னியம்மா. “எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான். தோச துன்றப்போ ஒரு வார்த்த பேசமாட்டாரு.”